தோசைக்கல்லில் பட்ட கையை இழுக்கிறது யார்? நானா, முண்ணாணா?

கோண்டாவில்பெடியன் | வெள்ளி இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறேன். ஒரு சந்தேகம் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

முந்தநாள் இரவு அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கரையில் முறுகிய துண்டொன்று நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிய்க்கப் போய் நடுவிரல் கல்லில் பட்டுவிட்டது. கை தானாகப் பின்னால் பறந்து கதவு நிலையில் இடித்தது. "சுடுது" என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. சரி, இது தெறிவினை. சூட்டை உணரும் வாங்கி, புலன் நரம்பு, முண்ணாண், இயக்க நரம்பு, தசை. தெறிவில், அதாவது இந்தப் பாதையின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன்.

பிரச்சினை நேற்றுத்தான் வந்தது. ஒடியற்கூழ் காய்ச்சி இறக்கும்போது அம்மா பிடித்திருந்த துணி வழுகிவிட்டது. வெறுங்கை பானையில். தங்கச்சி பிளாவோடு அடுப்படியில் குந்திக்கொண்டிருந்தாள். அம்மா பானையை விடவில்லை. நாலு எட்டு நடந்து, நிலத்தில் வைத்துவிட்டுத்தான் கையை உதறினார். மூளையைக் கேட்காமலே முண்ணாண் கையை இழுத்துவிடும் என்றால், அம்மாவின் கையை ஏன் இழுக்கவில்லை?

ரியூசனில் கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது, இரு" என்றார் சேர்.

குசினிக்காரி | 8.52

தம்பி, அம்மாமாருக்குக் கையில் தோல் இல்லை, ஓடு. முப்பது வருசம் பிட்டு அவித்துப் பார், உனக்கும் வரும்.

வெண்கட்டி | 9.30

குசினிக்காரி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தடித்த தோலுக்குள் சூடு இறங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் நாலு எட்டு நடக்கிற அளவுக்கு அது காணாது.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். பரீட்சைக்கு வராததைக் கேட்டிருக்கிறாய், அதனால் சந்தோசமாகவே பதில் எழுதுகிறேன். முதலில் தோசைக்கல்லை முடிப்போம்.

விரல்நுனியில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கிருந்து செய்தி கொண்டுபோகும் நார்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கொஞ்சம் தடித்த, மெல்லிய கொழுப்புறை சுற்றிய நார்களில் செய்தி செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரை போகும். உறை இல்லாத மெல்லிய நார்களில் செக்கனுக்கு அரை மீற்றர் முதல் 2 மீற்றர் வரைதான், ஆள் நடக்கிற வேகம். இப்போது நீயே கணக்குப் பார். விரலிலிருந்து கழுத்து முண்ணாண் வரைக்கும் 80 சென்ரிமீற்றர் என்று வைப்போம். விரைவு நார் செக்கனுக்கு 16 மீற்றர் என்றால், ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மெது நார் செக்கனுக்கு ஒரு மீற்றர் என்றால், கிட்டத்தட்ட ஒரு செக்கன் பிடிக்கும்.

அதனால்தான் சூடு இரண்டு தரம் வரும். முதலில் "சுருக்" என்று ஒரு குத்து. கை எடுபட்ட பிறகு, சாவகாசமாக ஓர் எரிவு. அடுத்த முறை கை பட்டால் கவனித்துப் பார். வேண்டுமென்று போய்த் தொடாதே.

முண்ணாணுக்குள் என்ன நடக்கிறது? செய்தி பின்வேர் வழியாக உள்ளே போகிறது. இடையில் நிற்கிற நரம்புக்கலங்கள் அதை வாங்கி, முன்வேர் வழியாக வெளியே போகிற இயக்க நரம்புக்குக் கொடுக்கின்றன. பின்னால் உள்ளே, முன்னால் வெளியே. இந்த ஒழுங்கை 1811இல் சார்ல்ஸ் பெல் பாதி கண்டார், 1822இல் பிரான்சில் மஜென்டி முழுதாகக் காட்டினார். யார் முதல் என்று இரண்டு பக்கமும் நெடுநாள் சண்டை பிடித்தார்கள். எங்கள் ஊர் வேலிச் சண்டைக்குக் குறையாத சண்டை.

அதே செய்தியின் இன்னொரு கிளை மூளைக்கும் ஏறுகிறது. அது மேலே போய், "இது வலி, இது என் விரல்" என்று ஆகிறதற்குள் கை கல்லை விட்டு வந்துவிடும். ஆகவே தெறிவினை மூளைக்குத் தெரியாமல் நடப்பதில்லை. மூளையின் பதிலுக்குக் காத்திராமல் நடக்கிறது. அம்மாவின் பானை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கண் சொருகுகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

மதுரைவாசி | 10.05

ஐயா, நாங்க பள்ளியில் இதை அனிச்சைச் செயல் என்று படித்தோம். முண்ணாண் என்றால் தண்டுவடமா? தெறிவினை என்ற சொல்லையே இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வெண்கட்டி | சனி காலை 6.15

ஓம், முண்ணாண் உங்கள் தண்டுவடம்தான். அனிச்சை என்றால் இச்சை இல்லாமல் நடப்பது. தெறிவினையில் இச்சை பற்றிய பேச்சே இல்லை. இழுத்துவிட்ட நாண் தெறிக்கிற மாதிரி, பட்டது தெறித்தது. எனக்கு இரண்டு சொல்லும் பிடிக்கும். ஆனால் பொறிமுறையை விளங்கப்படுத்த எங்கள் சொல் சுகம்.

கலைச்சொல் கதை வந்ததால் ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் பெடியங்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தால்தான் வைத்தியம் விளங்கும் என்று இப்போதும் சொல்கிறவர்களைக் கண்டால் அவரைத்தான் நினைப்பேன். சரி, இழை வழுகுகிறது, விடுவோம்.

தர்க்கக்காரன் | 7.40

வாத்தியார், முண்ணாண் மூளையின் வால்தானே? இரண்டும் ஒரே மைய நரம்புத் தொகுதி. இதைப் பிரித்துக் கதைக்கிறது பரீட்சைக்காகச் செய்த வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெண்கட்டி | 8.20

பழைய தவளைச் சோதனை ஒன்று இருக்கிறது. மூளை நீக்கிய தவளையின் விலாவில் அமிலம் தோய்த்த சின்னக் கடதாசித் துண்டை ஒட்டினால், பின்காலைத் தூக்கி அதைத் துடைத்துத் தள்ளும். இடம் தவறாமல் தள்ளும். பிறகு முள்ளந்தண்டுக்குள் ஊசி விட்டு முண்ணாணையும் அழித்தால் கால் அசையாது. வாலுக்கும் தனியாக வேலை தெரியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் நீங்கள் சொன்னதிலும் பாதி சரி. உயிரோடு நடமாடுகிற ஆளில் இரண்டும் தனித்தனியாக வேலை செய்வதில்லை.

இரவுக்கடமை | 11.10

நான் தாதியாக இருக்கிறேன், இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். தம்பி, முதலில் அம்மாவின் கைக்கு என்ன செய்தீர்கள்? பற்பசை, கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். சூடு பட்டவுடன் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ 20 நிமிடம் ஓடவிட வேண்டும். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள்.

இனிப் பானை. அதற்கு முழங்கால் சுத்தியலில் இருந்து வருகிறேன்.

வைத்தியர் சின்ன ரப்பர்ச் சுத்தியலால் முழங்காற்சில்லுக்குக் கீழே தட்டுவார், கால் எத்தும். அவர் நரம்பில் தட்டுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுவது தசைநாணில். அது கொஞ்சம் இழுபட, தொடையின் முன்தசையும் மயிரளவு நீளும். தசைக்குள் நீட்சியை அளக்கிற, தசைக்கதிர்கள் என்ற சின்ன உணரிகள் உண்டு. அவற்றின் நார்கள்தான் உடம்பிலேயே மிக விரைவானவற்றில் சேர்ந்தவை, செக்கனுக்கு 70 முதல் 120 மீற்றர் வரை. முண்ணாணில் இடையாள் இல்லை, ஒரே ஒரு சந்திப்பு, உடனே அதே தசைக்குக் கட்டளை. தட்டியதிலிருந்து தசை விழிக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு போதும். 1875இல் ஜேர்மனியில் ஏர்ப், வெஸ்ற்பால் என்ற இருவர் தனித்தனியாக இதை எழுதினார்கள்.

வைத்தியர் தட்ட வேண்டும் என்று உடம்பு இதை வைத்திருக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள், பள்ளத்தில் விழுந்து முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. முன்தசை நீளுகிறது, அக்கணமே இறுகுகிறது. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

இப்போது கவனியுங்கள். சில ஆட்களுக்கு எத்தனை தட்டினாலும் கால் அசையாது. அப்போது வைத்தியர், "இரண்டு கை விரலையும் கொக்கி போட்டு, பல்லைக் கடித்து இழுங்கோ" என்பார். இழுத்த அந்த நேரம் தட்டினால் கால் நன்றாக எத்தும். யென்ட்ராசிக் என்ற ஹங்கேரிய வைத்தியர் கண்ட வித்தை. கை இழுக்கிறதற்கும் கால் எத்துகிறதற்கும் என்ன சம்பந்தம்? தெறிவில்லின் கம்பி அதேதான். அதன் சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற திருகாணி வேறிடத்தில் இருக்கிறது.

அம்மா அந்தத் திருகாணியைக் குறைத்துப் பிடித்தார். மூளையிலிருந்து இறங்கும் நார்கள் முண்ணாணின் இடையாட்களை அடக்கவும் தூண்டவும் முடியும். கையை இழு என்ற கட்டளையும் பானையை விடாதே என்ற கட்டளையும் கடைசியில் வந்து சேருவது அதே இயக்க நரம்புகளுக்குத்தான். அதைச் செரிங்ரன் 1906இல் கடைசிப் பொதுவழி என்று சொன்னார். 1932இல் நோபல் பரிசு பெற்றவர். பத்து ஒழுங்கையும் வந்து ஏறுகிற ஒரே றோட்டு. எந்தப் பக்கம் நெரிசல் கூடவோ அது முந்தும்.

ஆனால் இதற்கு நேரம் வேண்டும். எதிர்பாராமல் பட்டால் கை முந்திவிடும். ஆகவே தம்பி, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: துணி வழுகுவதைச் சூடு பட முதலே கண்டாரா?

ஆறாம்விக்கெற் | 11.45

அப்ப சிலிப்பில் நின்று பிடிக்கிற பிடியும் தெறிவினைதானே? வர்ணனையாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெண்கட்டி | பிற்பகல் 12.10

வர்ணனையாளர் சொன்னால் ஆயிற்றா? மணிக்கு 140 கிலோமீற்றர் பந்து கோட்டிலிருந்து கோட்டுக்கு வர அரைச் செக்கனும் ஆகாது. சிலிப்புக்கு வரும் பந்துக்கும் கொஞ்ச நேரம்தான். ஆனால் அதைக் கண் பார்த்து, மூளை கணித்து, கை போகிறது. பார்த்ததற்குக் கை அசைய ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். ஆயிரம் தரம் பழகியதால் யோசிப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். நாய் குறுக்கே வரச் சைக்கிள் பிரேக் பிடிக்கிறதும் இதே சாதி. பிறந்த குழந்தைக்குப் பிரேக் தெரியாது, ஆனால் கண்ணில் காற்றுப் பட்டால் இமைக்கும்.

நடுவில் இன்னொரு வகை உண்டு. பச்சை மாங்காய்க் கீற்று, உப்பு, மிளகாய்த்தூள்.

வாய் ஊறினதா? நாக்கில் புளி பட்டு ஊறுவது பிறப்பில் வந்தது. எழுத்தைப் பார்த்து ஊறுவது பழக்கத்தில் வந்தது. பவ்லோவ் நாய்களை வைத்துக் காட்டியது இதைத்தான்.

குசினிக்காரி | 12.14

பாவி வாத்தியார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

பனங்கருக்கு | 1.30

என் பெயர்க் கதை. பத்து வயதில் பனங்காணியில் வெறுங்காலோடு ஓடி, காய்ந்த கருக்குமட்டையில் வலது காலை வைத்தேன். வலது கால் மேலே போனது விளங்குகிறது. விழாமல் ஏன் நின்றேன் என்பது இப்போதும் விளங்கவில்லை.

இரவுக்கடமை | 2.05

இடது கால் உங்களைக் கேட்காமல் விறைத்து நிமிர்ந்தது. வலதின் மடக்கும் தசைகளை இறுக்கிய அதே செய்தி, முண்ணாணில் குறுக்கே கடந்து, இடதின் நிமிர்த்தும் தசைகளையும் இறுக்கும். அதுமட்டுமில்லை, ஒவ்வொரு காலிலும் எதிர்த் தசை தளர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இழுபறிப்பட்டுக் கால் அசையாது. அந்தத் தளர்வையும் முண்ணாணே பார்த்துக்கொள்கிறது. ஒரு முள்ளுக்கு நாலு கட்டளை.

புதுஅம்மா | 2.40

மிஸ், என் மகளுக்கு இரண்டு மாதம். சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விரித்துத் துடிக்கிறாள், பிறகு கட்டிப்பிடிக்கிற மாதிரிச் சேர்க்கிறாள். பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்று மாமி திருநீறு போட்டார்.

இரவுக்கடமை | 3.00

திருநீறு இருக்கட்டும், மாமி மனம் ஆறும். இது மோரோ தெறிவினை. இந்த வயதில் இருப்பதுதான் நல்லது. நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தானாக மறையும். ஒரு கை மட்டும் விரிந்து மற்றது விரியாவிட்டால் காட்டுங்கள். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே நிமிரும், அதுவும் குழந்தைக்குச் சரி. பெரியவருக்கு நிமிர்ந்தால் மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் பாதையில் எங்கோ பிழை. 1896இல் பபின்ஸ்கி சொன்ன அடையாளம், இன்றைக்கும் வார்ட்டில் சாவியின் முனையால் கீறிப் பார்க்கிறோம்.

கண்டிவீதி | இரவு 7.20

இதைக் கேட்கலாமா தெரியவில்லை. என் மச்சானுக்கு 2009இல் முதுகில் காயம், மார்புக்குக் கீழே ஒன்றும் இயங்காது, உணர்வும் இல்லை. காலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கால் துள்ளி மடங்குகிறது. மாமி ஒவ்வொரு முறையும் "பாருங்கோ, உயிர் வருது" என்று அழுகிறார். அவனோ காலைப் பார்த்தால்தான் துள்ளினதே தெரியும் என்கிறான். யார் சரி?

இரவுக்கடமை | 8.15

அண்ணை, கேட்டது நல்லது. மச்சான் சரி.

முண்ணாண் அறுபட்டவுடன் காயத்துக்குக் கீழே தெறிவினைகள் பெரும்பாலும் அடங்கிப்போகும். நாட்கள், வாரங்கள் அப்படியே கிடக்கும். பிறகு திரும்பி வரும், முந்தியதைவிட உரமாக. நான் முன்னால் சொன்ன திருகாணி அறுந்துவிட்டது, அடக்க ஆளில்லை. கீழ்ப்பகுதி முண்ணாண் உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீர் பட்டால் தன் வேலையைச் செய்கிறது. மேலே சொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே துள்ளல் மட்டும் குணமாவதற்கு அடையாளம் இல்லை. மாமியிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் பழக்கமான வைத்தியர் உட்கார்ந்து சொல்லட்டும்.

வேறொன்று அவசரமாக. காயம் முள்ளந்தண்டின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால், சிறுநீர்க் குழாய் அடைபடுவது, மலச்சிக்கல், படுக்கைப் புண் போன்ற சின்னக் காரணத்துக்கும் கீழே இருக்கிற தெறிவினை கட்டுமீறி இரத்த அழுத்தத்தை மிகவும் ஏற்றிவிடும். தலை வெடிக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வியர்வை. அப்படி வந்தால் படுக்கவிடாமல் நிமிர்த்தி இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், உடனே ஆஸ்பத்திரி. தலையிடிக் குளிசையோடு காத்திருக்க வேண்டாம்.

கண்டிவீதி | 8.31

நன்றி தங்கச்சி. இரண்டு முறை அப்படி வந்தது. வெயில் என்று நினைத்தோம்.

தர்க்கக்காரன் | 9.00

வாத்தியாரிடம் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்னக் கேள்வி: தெறிவினை என்றால் எல்லாம் முண்ணாணா?

வெண்கட்டி | 9.20

இல்லை. இமைப்பு, கண்மணி சுருங்குவது, இருமல், விழுங்குவது எல்லாம் மூளையின் அடித்தண்டில். கரண்ட் போன நேரம் ஒரு பிள்ளையின் வலக்கண்ணுக்கு மட்டும் ரோச் அடித்துப் பாருங்கள், இடக்கண் மணியும் சேர்ந்து சுருங்கும். மயங்கிக் கிடக்கிறவரின் கண்ணில் வைத்தியர் ரோச் அடிப்பது அந்த அடித்தண்டு விழித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பாடப்புத்தகம் முண்ணாணோடு நிற்பதால் பிள்ளைகள் இதை மறந்துபோகிறார்கள்.

கோண்டாவில்பெடியன் | ஞாயிறு காலை 9.10

அம்மாவைக் கேட்டேன். "துணி நழுவுறதை முதலே கண்டனான். தங்கச்சி காலுக்கை குந்தியிருக்கிறாள், நான் எப்பிடி விடுறது?" என்றார். பிறகு, எனக்கு எந்நேரமும் போன்தான், படிப்பு இல்லை என்று தொடங்கிவிட்டார். மிஸ் சொன்னது சரி, கண்டதால் பிடித்திருக்கிறார். விரலில் இரண்டு கொப்புளம், உடைக்கவில்லை.

இன்னொன்று. அப்பப்பாவுக்குப் பதினைந்து வருசமாகச் சீனி வருத்தம். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் வெறுங்காலோடு போனவர். மத்தியான வெயிலில் எல்லாரும் மணலில் துள்ளித் துள்ளிப் போக, இவர் மட்டும் ஆறுதலாக நடந்து வருவார். முருகன் அருள் என்று வீட்டில் பெருமை. இந்த இழையை வாசித்த பிறகு யோசனையாக இருக்கிறது.

இரவுக்கடமை | 9.35

முருகனை இழுக்க வேண்டாம். நெடுநாள் சீனி, நீண்ட நரம்புகளின் நுனியைத்தான் முதலில் தின்னும், அதாவது பாதத்தை. சூடு உணரும் நார் செத்தால் தெறிவில்லின் முதல் கண்ணியே இல்லை. கால் துள்ளாது, துள்ள வேண்டும் என்று மூளைக்கும் தெரியாது. குதிக்காலுக்கு மேலே இருக்கிற தசைநாணில் தட்டினால் பாதம் கீழே அசைய வேண்டும். இந்த வருத்தத்தில் அது குறைந்து அற்றுப்போவது வழமை.

அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் ஒவ்வொரு விரலையும் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கையும் விடாதீர்கள்.

கோண்டாவில்பெடியன் | 10.20

பார்த்தேன். இடது காலில் பெருவிரல் மட்டும் சொன்னார். வலதில் ஒன்றும் இல்லை. "தொடு பாப்பம்" என்று என்னையே பேசினார், நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வலது உள்ளங்காலில் ஐந்து ரூபாய்க் குத்தியளவில் ஒரு கொப்புளம், நடுவில் கறுத்துக் காய்ந்திருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன். "எங்கை?" என்று காலைத் திருப்பிப் பார்க்கிறார். நாளைக்குக் காலமை கிளினிக் கூட்டிக்கொண்டு போகிறோம்.